பூட்டு யாருக்கு?



கடைக்குச் சென்று ஒரு நூல் வாங்குகிறோம். விலையைக் கொடுத்து, இரசீதைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அன்று முதல் அந்த நூல் நம்முடையது. படிக்கலாம், பிடித்த வரியில் கோடிடலாம், தங்கைக்குக் கொடுக்கலாம், தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு அன்பளிப்பாக வழங்கலாம். விற்ற கடை மறுநாளே மூடப்பட்டாலும் நம் அலமாரியில் உள்ள நூலுக்கு ஒன்றும் நேராது. பொருளை வாங்குவது என்றால் இதுதான் என்று நாம் தலைமுறை தலைமுறையாக நினைத்து வந்திருக்கிறோம்.

ஆனால் அதே நூலை மின்னூலாக வாங்கும்போதும், பாடலையோ படத்தையோ கணினி வழியாக வாங்கும்போதும் இந்த நினைப்பு சரிதானா? பதிப்புரிமையைக் காப்பதற்காகப் போடப்படும் பூட்டுகள், முறையாகப் பணம் கொடுத்து வாங்கும் பயனீட்டாளரை எவ்வாறு பாதிக்கின்றன? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். படைப்பவனுக்கு அவன் உழைப்பின் பலன் சேர வேண்டும். நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்தில் நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றுத்தான் போட்ட முதலைத் திரும்பப் பெறுகின்றனர். அந்த நூலை யாரோ ஒருவர் படம் பிடித்துப் புலனத்தில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால், அடுத்த நூலை எழுத அவருக்கு மனம் வருமா? அதனால்தான் மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 50 ஆண்டுகளும் அவர் எழுத்துக்கு அச்சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இந்தப் பாதுகாப்பு நியாயமானது. நம் கேள்வி, அந்தப் பாதுகாப்பைத் தரும் முறையைப் பற்றியது.

ஜித்ரா போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குத் திருட்டு வட்டு புதிய செய்தியன்று. வீடியோ நாடா போய் விசிடி வந்த காலத்தில், பசார் மாலாமில் துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே ஒரு மேசை இருக்கும். திரையரங்குக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத படம் அங்கே சில வெள்ளிக்குக் கிடைக்கும். அரசாங்கம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வட்டு தயாரிக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டு முதல் அசல் வட்டுகளில் மினுமினுக்கும் முத்திரை ஒட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டில் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு மோப்ப நாய்கள் கொண்டுவரப்பட்டன. ஜொகூர் பாருவில் அவை ஏராளமான வட்டுகளைக் கண்டுபிடித்தன. அவற்றைக் கொல்ல வட்டுக் கும்பல் பணம் அறிவித்ததாகச் செய்தி வரும் அளவுக்கு அவை பெயர் பெற்றன.

இந்த நாய்களைப் பற்றி நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அவை மோப்பம் பிடித்தது வட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் என்னும் பொருளின் வாசனையை. அசல் வட்டுக்கும் அதே வாசனை; திருட்டு வட்டுக்கும் அதே வாசனை. எது நேர்மையானது, எது திருட்டு என்று நாய்க்குத் தெரியாது. ஆயினும் அங்கே நாய்க்குப் பின்னால் ஓர் அதிகாரி நின்றார். பெட்டியைத் திறந்து, முத்திரையைப் பார்த்து, அசல் என்றால் விட்டுவிட்டார். இன்று வட்டுக்குள்ளும் மின்னூலுக்குள்ளும் வைக்கப்படும் பூட்டுக்கும் நேர்மையானவரை அடையாளம் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் நின்று விசாரிக்க அதிகாரி ஒருவரும் இல்லை.

டிவிடி வட்டையே எடுத்துக்கொள்வோம். அசல் வட்டு பலவற்றில் படம் தொடங்குமுன் எச்சரிக்கை வரும். திருடாதே, நகல் எடுக்காதே என்று சொல்லும். அதைத் தாண்டிச் செல்ல விசையை அழுத்தினாலும் பயனில்லை. தாண்ட முடியாதபடி வட்டிலேயே தடை இருக்கும். திருட்டு வட்டிலோ அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருப்பார்கள். ஆக, திருடாதே என்ற உபதேசத்தைக் கேட்டவர், திருடாமல் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமே.

அடுத்தது மண்டலப் பூட்டு. டிவிடி உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தனர். அமெரிக்கா 1ஆம் மண்டலம். மலேசியா 3ஆம் மண்டலம். இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம். தமிழ்ப்பட வட்டுகள் பலவும் எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வந்தன. ஆகவே நமக்கு அதிகத் தொல்லை தெரியவில்லை. ஆனால் சென்னைக்குச் சென்ற ஒருவர் அங்கே பிள்ளைகளுக்காக மண்டலப் பூட்டு உள்ள ஓர் ஆங்கிலப்பட வட்டை அசலாக வாங்கி வந்தால், இங்கு வாங்கிய கருவி அதைப் படிக்க மறுக்கலாம். வட்டும் அசல், கருவியும் அசல், இரண்டுக்கும் இரசீது உண்டு. படம் மட்டும் ஓடாது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் வாணிபம். ஒரு படத்தின் உரிமையை நாடு நாடாகத் தனித்தனியே விற்பது பழைய வழக்கம். தமிழ்த் திரையுலகில் மலேசிய, சிங்கப்பூர் உரிமையை இன்றும் எஃப்.எம்.எஸ். உரிமை என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து ஐக்கிய மலாய் மாநிலங்களின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்குமே அதில் அடங்கியவை. நம் கெடா அதில் சேரவே இல்லை! இருந்தும் அந்தப் பழைய பெயருக்குள் நாமும் அடக்கம். வட்டின் காலம் போனாலும் பிரிவினை போகவில்லை. ஜித்ராவிலிருந்து வடக்கே சங்லூன் வழியாகச் சென்றால் சிறிது நேரத்தில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வந்துவிடும். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படம், எல்லையைக் கடந்து தாய்லாந்துக்குள் சென்றதும் பட்டியலிலிருந்து மறைந்துபோவதுண்டு. சந்தாவை ஒழுங்காகக் கட்டுபவரையே அந்தத் தடை நிறுத்துகிறது. திருட்டுத் தளத்தில் பார்ப்பவருக்கு அது எல்லையே அன்று.

இனி மின்னூலுக்கு வருவோம். பூட்டுள்ள மின்னூல் என்பது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எழுத்துகள் குழப்பி வைக்கப்பட்ட ஒரு கோப்பு. விற்ற நிறுவனம் நம் பெயரில் ஒரு கணக்கை வைத்து, நம் கருவிக்குச் சாவியைக் கொடுக்கிறது. சாவி என்றும் அந்த நிறுவனத்தின் கையில். நாம் பெற்றிருப்பது நூலையன்று, நூலைப் படிக்கும் அனுமதியை.

இதை உலகம் 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் நன்றாகத் தெரிந்துகொண்டது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நூல்களைப் பலர் விலை கொடுத்து வாங்கியிருந்தனர். அவற்றை அங்கே விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்தது. உடனே அந்த நூல்கள், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழிக்கப்பட்டன. பணம் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காக ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அழிக்கப்பட்ட இரண்டில் ஒன்று, அரசுக்குப் பிடிக்காத பதிவுகள் நெருப்பில் போடப்படும் ஓர் உலகத்தைப் பற்றிய ‘1984’ என்னும் நாவல். பின்னர் நிறுவனத்தின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் தன் மின்னூல் கடையை மூடியது. கடை மூடியதும் வாடிக்கையாளர் வாங்கியிருந்த நூல்களும் திறக்காமல் போயின. விலையை முழுவதும் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர் தந்தார்கள். தொகை நியாயமாக இருக்கலாம். ஆனால் புத்தகக் கடை மூடப்பட்டதற்காக நம் வீட்டு அலமாரி காலியாவது நியாயமா என்று கேளுங்கள்.

தமிழ் வாசகருக்கும் இது எட்டாத செய்தியன்று. 2016ஆம் ஆண்டின் இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வரத் தொடங்கின. கோலாலம்பூரோ பினாங்கோ செல்லாமல், சென்னையில் வெளியான நூலை ஜித்ராவிலிருந்தே ஒரு நொடியில் வாங்க முடிந்தது. தமிழ்ப் புத்தகக் கடை அருகில் இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம், அதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அந்நிறுவனம் 2025 பிப்ரவரி 26ஆம் தேதி முதல் நிறுத்திவிட்டது. நூலைத் தம் கணினியில் பத்திரப்படுத்தி வைத்த வாசகருக்கு அந்த வழி அடைபட்டது.

பூட்டு சில வேளைகளில் வீட்டையே கெடுத்துவிடும். சோனி பிஎம்ஜி நிறுவனம் 2005ஆம் ஆண்டில் தன் இசைவட்டுகள் சிலவற்றில், நகல் எடுப்பதைத் தடுக்க ஒரு செயலியை மறைத்து வைத்தது. அசல் வட்டைக் கணினியில் போட்டவர்களின் இயந்திரத்துக்குள் அது சொல்லாமல் புகுந்து ஒளிந்துகொண்டது. அதன் மறைவில் தீய நிரல்களும் ஒளிய முடியும் என்பது தெரிந்ததும் வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. திருட்டுத்தனமாகப் பாடலை இறக்கியவரின் கணினிக்கு இந்தத் தொல்லை வரவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருவதை வீட்டில் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வதற்கு நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2012ஆம் ஆண்டின் திருத்தம், இத்தகைய தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. ஆராய்ச்சி, பாதுகாப்புச் சோதனை, நூலகத் தேர்வு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தான் வாங்கிய நூலைத் தன் இன்னொரு கருவியில் படிக்க விரும்பும் சாதாரண வாசகருக்கென்று அதில் தனி விலக்கு இல்லை. எனவே, ஒரு கையால் சட்டம் தருவதை மறு கையில் உள்ள பூட்டு எடுத்துக்கொள்கிறது.

இதில் மிகவும் வருந்துபவர்கள் கண்பார்வை இல்லாதவர்கள். 2009ஆம் ஆண்டில் வந்த கிண்டில் கருவி, எழுத்தைக் குரலாக வாசிக்கும் வசதியுடன் வந்தது. எழுத்தாளர் சங்கம் ஒன்று அமெரிக்காவில் எதிர்த்தது. அதன்பின் பதிப்பாளர் விரும்பினால் அந்தக் குரலை அடைத்துவிடலாம் என்று ஆயிற்று. நூலுக்கு முழு விலை கொடுத்த பார்வையற்றவருக்கு அது பேசாத நூலானது. இத்தகையவர்களுக்காக 2013ஆம் ஆண்டில் மராகேஷ் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மலேசியாவும் 2022ஆம் ஆண்டில் அதில் சேர்ந்துள்ளது. பூட்டு நியாயத்துக்கு வளைந்து கொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

வேறு சான்றுகளும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தான் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை நீக்கியது. அதற்காகப் பாடல் விற்பனைக் கடை மூடப்படவில்லை. தமிழர் வரலாற்றில் அதற்கும் முந்திய எடுத்துக்காட்டு இருக்கிறது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஒருவரிடம் உரிமை கேட்டுத்தான் பாரதியைப் பாட வேண்டுமா என்று மக்கள் குரல் எழுப்பினர். 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது; செட்டியார் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார்; கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. பின்னர் பாடல்கள் மக்களின் பொதுச்சொத்தாயின. படைத்தவன் வீட்டையும் மறக்காமல், பாடுகிறவன் வாயையும் அடைக்காமல் ஒரு வழி காண முடிந்தது.

நேயர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? பூட்டின் மேல் கோபம் கொண்டு திருட்டுப் பக்கம் போவது வழியன்று. அது எழுத்தாளனின் வயிற்றில் அடிப்பதாகும். பணம் கட்டுமுன் நாலு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இது எனக்குச் சொந்தமா, அனுமதி மட்டுமா? இன்னொரு கருவியில் திறக்குமா? இணையத் தொடர்பு இல்லாதபோது ஓடுமா? விற்றவர் கடையை மூடினால் என் பொருள் என்னாகும்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில், நெடுநாள் வேண்டிய நூலை அச்சிலேயே வாங்குவோம். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளர் இருந்தால் அவரிடமே வாங்கி அவரை ஆதரிப்போம். பழந்தமிழ் நூல்கள் வேண்டுமானால், 1998 முதல் தொண்டாகச் செயல்படும் மதுரைத் திட்டம் அவற்றைப் பூட்டின்றி இலவசமாகத் தருகிறது.

இரசீதையும் விளம்பர வாசகத்தையும் பத்திரப்படுத்துவோம். உள்நாட்டு விற்பனையாளர் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கு கொண்டுசெல்லலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. பின்னாளில் பறிக்கப்படக்கூடிய மின்பொருளை ‘வாங்குங்கள்’ என்ற சொல்லால் விற்க வேண்டுமானால், அது வெறும் அனுமதியே என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய விதி இங்கும் வேண்டும் என்று உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் பயனீட்டாளர் சங்கங்களிடமும் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

படைப்பாளிக்கு அவர் கூலி, பணம் கொடுத்தவருக்கு அவர் பொருள். இரண்டும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள். ஒன்றைக் காக்கப் போட்ட பூட்டு மற்றொன்றைப் பறிக்குமானால், திருத்தப்பட வேண்டியது அந்தப் பூட்டுத்தான்.