மாலை விளக்குக்குக் கூடுதல் விலையா?

(வண்டூர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரே பொருளுக்கு வேறு வேறு விலை வைப்பது எங்கள் இலாகாவில் பழகிய சங்கதி. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை வந்தது. உல்லாசமாகப் போகிறவர் தேதியை மாற்றிக்கொள்ளலாம். சாவு வீட்டுக்குப் போகிறவர் எதை மாற்றுவார்?

அந்த முறை மின்சாரத்துக்கும் வருகிறது. 2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வெயில் உள்ள எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும். தேவை மிகுந்த நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும். விவசாயம் நீங்கலாக எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று தேதியும் போட்டார்கள். ஸ்மார்ட் மீட்டர் மாட்டினால் உடனே இந்தக் கணக்குப் பொருந்தும் என்பதும் விதியில் உண்டு. ஆகவே மீட்டர் மாற்ற வருகிறவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் நியாயமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெருநிலத்திலிருந்து நமக்கு மின்கம்பி இல்லை. கப்பலில் வரும் டீசலை எரித்துத்தான் பெரும்பகுதி மின்சாரம் உண்டாகிறது. அதன் அடக்கவிலை நாம் கட்டுவதைவிடப் பல மடங்கு. நம் நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2020-இல் இயங்கத் தொடங்கியது. கூடவே 8 மெகாவாட்-மணி பாட்டரியும் வைத்தார்கள். 20 மெகாவாட் வீதம் எடுத்தால் அது 24 நிமிஷம்தான் தாங்கும். பொழுது சாய்ந்தால் மறுபடி டீசல்தான்.

ஆனால் பொழுது சாயும்போதுதானே நாம் வீடு திரும்புகிறோம்! உலை வைப்பது, பிள்ளை படிப்பது, விசிறி சுற்றுவது எல்லாம் அப்போதுதான். ஒரு பேச்சுக்கு யூனிட் 5 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 100 யூனிட்டுக்கு 500 ரூபாய். புதுக் கணக்கில் மாலை 50 யூனிட் 5.50 வீதம் 275, பகல் 10 யூனிட் 4 ரூபாய் வீதம் 40, மீதி 40 யூனிட்டுக்கு 200. ஆக 515. மாலையிலிருந்து 15 யூனிட்டைப் பகலுக்கு மாற்ற முடிந்த வீட்டுக்கு 492.50 தான் வரும். வாஷிங் மெஷினும், பகலில் அதைப் போட ஆளும் உள்ள வீடு அது. வேலைக்குப் போன வீட்டில் பகலில் பூட்டுதான் தொங்கும்.

கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்குத்தான் மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். சிறு வீட்டை விட்டார்கள். அந்த வரம்பு நமக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நம் கடிகாரம் டில்லிக் கடிகாரம். சூரியன் மட்டும் நம்முடையது. டிசம்பரில் ஐந்து மணிக்கே இங்கே அஸ்தமனம். எந்த எட்டு மணி நேரம் என்பதை முடிவுசெய்வது ஒழுங்குமுறை ஆணையம். நமக்குக் கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு ஆணையம். காலை 7 மணியிலேயே மலிவு நேரம் தொடங்கினால், வேலைக்குக் கிளம்புமுன் மோட்டார் போடலாம், மாவாட்டலாம், துணி தேய்க்கலாம். ஒன்பதுக்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிச்சம்.

விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விசிறி சுமார் 75 வாட். புது மாதிரி சுமார் 30 வாட். இரவு பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். விலை கூடுதல்தான், பழையது கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும்.

கட்டண மனு வந்தால் ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே ஆங்கிலத்தில் பேசத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மனுவை எழுதித் தருவது சங்கத்தின் பொறுப்பு. மூன்று மாத பில்லைக் கொண்டு வாருங்கள். மாலை ஆறிலிருந்து பத்துவரை வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று தாய்மார்கள் ஒரு தாளில் குறித்துத் தாருங்கள். நம் மனுவுக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.