யொகொஹாமாத் துறைமுகத்தில் மூன்று நாட்கள்



கணக்காளர்களுக்கு ஏப்ரல் 30ஆம் திகதிதான் தீபாவளி. அன்றோடு பெரும்பாலானோரின் வரிப் பத்திரங்கள் போய்ச் சேர்ந்துவிடும், வீட்டில் எங்களை மனிதராக மதிக்கத் தொடங்குவார்கள். 2024ஆம் ஆண்டு அந்த வேலை முடிந்த கையோடு நானும் மனைவியும் யப்பானுக்குப் போய் வந்தோம். யப்பான் என்றால் பலரும் ரோக்கியோவையும் கியோட்டோவையும்தான் சொல்வார்கள். நான் இன்று கதைக்கப் போவது யொகொஹாமா என்ற துறைமுக நகரத்தைப் பற்றி.

போக விரும்புபவர்களுக்கு முதலில் சில பயனுள்ள விடயங்கள். கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய 13 மணித்தியாலம். ஹனேடா விமான நிலையத்தில் இறங்கினால் அரை மணித்தியால ரயில் பயணத்தில் யொகொஹாமா. மே முதல் வாரம் யப்பானியருக்குத் தொடர் விடுமுறை, ஹோட்டல் விலை எல்லாம் ஏறிவிடும். மாத நடுப்பகுதியில் போவதே கணக்குக்குச் சரி.

இந்த ஊர் 1859இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். அதற்கு முன் ஒரு சிறு மீன்பிடிக் கிராமம். இன்று 37 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், யப்பானின் இரண்டாவது பெரிய நகரம். யப்பானின் முதல் ரயில் பாதை 1872இல் ரோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் இந்த ஊருக்கும் இடையே போடப்பட்டது. கப்பலில் வந்த சீனர்கள் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். யப்பானின் மிகப் பெரிய சீனத்தெரு இங்கேதான் இருக்கிறது. மாலையில் போனால் கடை வாசலிலேயே மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க அவித்து விற்பார்கள். வாங்கி அந்தக் கடையடியிலேயே நின்று சாப்பிட்டு முடிக்க வேண்டும். நடந்துகொண்டே சாப்பிடுவதை அங்கே மரியாதையாக நினைப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. ஒரு வெள்ளிக்கிழமை, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று கைபேசியில் எழுதிக் காட்டி நூடில்ஸ் கேட்டோம். கிண்ணத்தில் கீரையும் காளானும் மட்டும்தான் இருந்தன. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சேரப்பா, இது எங்கட மாசி மணம்" என்றா. அவ சொன்னது முழு உண்மை. யப்பானியச் சாறுகளுக்கு அடிப்படை 'கட்சுவோபுஷி'. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவி எடுப்பது. எங்கள் சம்பலில் இடிக்கும் மாசியும் அதே சூரை மீன்தான். மாலைதீவிலிருந்து எங்கள் அடுப்படிக்கு வந்த அந்த மணத்தை யப்பானிலும் கண்டதில் எனக்கு மகிழ்ச்சி, மனைவிக்கு விரதம் போச்சே என்ற கவலை. ஆகவே மரக்கறிக்காரர்கள் மீன் வேண்டாம் என்று சொன்னால் போதாது, 'டாஷி' வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மற்றபடி சோற்று உருண்டைக்குள் புளிப்பும் உப்புமாக ஒரு பிளம் பழ ஊறுகாய் வைத்து விற்கிறார்கள். மூலைக் கடையெல்லாம் கிடைக்கும், எங்கள் வாய்க்கு நல்ல பொருத்தம்.

கடைகளுக்குப் போனால் மொத்தோமாச்சித் தெருவும் பழைய செங்கல் பண்டகசாலைகளும் பார்க்க வேண்டியவை. 1911இலும் 1913இலும் கட்டி முடித்த அந்தச் சுங்கப் பண்டகசாலைகள் 2002இலிருந்து கடைகளாகவும் உணவகங்களாகவும் இருக்கின்றன. அங்கே விற்பனை வரி 10 வீதம், உணவுச் சாமானுக்கு 8 வீதம். எங்கள் ஒன்ராறியோவின் 13 வீதத்தோடு ஒப்பிட்டு மனைவி கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிவிட்டா. உல்லாசப் பயணிகளுக்கு ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் வரி விலக்கு உண்டு. 2026 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து அதற்கு வரியை முதலில் கட்டி, புறப்படும்போது திரும்பப் பெறும் முறை. பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

மூன்றாம் நாள் கடற்கரையில் உள்ள யமஷிதாப் பூங்காவுக்குப் போனோம். ரோசாப் பூக்கள் நிறைந்த அழகான இடம். 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன் வந்த பெரும் பூகம்பத்திலும் தீயிலும் ரோக்கியோவிலும் இந்த ஊரிலுமாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளைக் கடலோரம் கொட்டி நிரப்பி, அதன் மேல் 1930இல் திறந்த பூங்கா இது. அதன் ஒரு பக்கத்தில் கோபுரம் போன்ற கூரையோடு ஒரு நீர்க் குழாய் மண்டபம் நிற்கிறது. பூகம்பத்துக்கு முன் இங்கே பட்டு வியாபாரம் செய்த இந்திய வணிகர்கள் பலர் எல்லாம் இழந்து கோபே நகருக்குப் போய்விட்டார்கள். தன் வீடே எரிந்து கிடந்த ஊர், அவர்களுக்கு வீடும் கடையும் அமைத்துக் கொடுத்துத் திரும்ப அழைத்தது. அதற்கு நன்றியாகவும் இறந்த இந்தியர்களின் நினைவாகவும் அந்த வணிகர்கள் கட்டிக் கொடுத்ததுதான் அந்த மண்டபம்.

அதற்கு அருகில் 'ஹிக்காவா மாரு' என்ற பழைய கப்பல் 1961இலிருந்து கட்டி நிற்கிறது. 1930இல் ஓடத் தொடங்கியது. அதன் பாதை யொகொஹாமாவிலிருந்து வன்கூவர், சியாற்றில். ஏறிப் பார்க்கலாம். முதலாம் வகுப்பு அறைகள் மாளிகை மாதிரி, மூன்றாம் வகுப்பில் தட்டுத் தட்டாகப் படுக்கைகள். 1940, 41ஆம் ஆண்டுகளில் நாசிகளிடமிருந்து தப்பிய யூத அகதிகள் சிலரும் இதில்தான் வட அமெரிக்காவுக்குப் போனார்கள்.

மூன்றாம் வகுப்புப் படுக்கையடியில் நின்றபோது இன்னொரு கப்பல் நினைவுக்கு வந்தது, நேயர்களே. கொமகாட்டா மாரு. 1914 மே மாதத் தொடக்கத்தில் அதுவும் இதே யொகொஹாமாவிலிருந்துதான் வன்கூவருக்குப் புறப்பட்டது. 376 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் வந்திருக்க வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, இரண்டு மாதம் துறைமுகத்திலேயே வைத்திருந்து, 24 பேரை மட்டும் இறங்கவிட்டு, மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பியது கனடா. திரும்பும் வழியில் அந்தக் கப்பல் மறுபடியும் வந்து நின்றதும் யொகொஹாமாவில்தான். கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் இருபது பேரளவில் செத்தார்கள். கனடிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016இல். 102 வருடம் கழித்து.

எங்களுக்கும் கப்பல் கணக்கு இருக்கிறது. 1986இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 பேர். 2009இல் 'ஓஷன் லேடி'யில் 76 பேர். 2010 ஓகஸ்ட்டில் 'சன் சீ'யில் 492 பேர். அந்தக் கடைசிக் கப்பலில் வந்த ஒரு தம்பிக்குப் பல வருடமாக நான் வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறேன். வருமானம், வாடகை, பிள்ளைகளின் செலவு எல்லாம் சொல்வார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த வருட வரிக்காலத்தில் அவர் வந்தபோது, பயணப் படங்களைக் காட்டினேன். யமஷிதாப் பூங்காவில் நானும் மனைவியும், பின்னால் கடல். அவர் எங்களைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அண்ணை, இதே கடல்தானே?" என்றார்.

"ஓம், பசிபிக்தான்" என்றேன்.

"இவ்வளவு வடிவா இருக்குது" என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, தன்னுடைய பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

விசா இல்லாத கடவுச்சீட்டோடு கடல் பார்க்கப் போகக்கூடிய காலம் எங்களுக்கு வாய்த்திருக்கிறது. முடிந்தவர்கள் போய் வாருங்கள். மொத்தோமாச்சியில் வாங்குங்கள், சீனத்தெருவில் சாப்பிடுங்கள். அந்த நீர் மண்டபத்தின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.