காலும் கைகொடுக்கும்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் கைகளைப் பாராட்டும் நாள் இது. நானோ காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்! தையல்காரர் காலால் மிதித்துத்தானே துணி தைக்கிறார்? கணினி முன் உட்கார்ந்தால் மட்டும் காலுக்கு ஏன் வேலையில்லை?

இந்தக் கேள்வி எனக்கு 2021-இல் எழுந்தது. கணக்கு எழுதும் வேலையிலிருந்த என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடக்கை செயலிழந்தது. வலக்கையால் மவுசைப் பிடித்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு மவுசை விட்டு, அதே கையால் கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் எட்டிப் பிடிப்பார். விண்டோசில் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்றொரு வசதி உண்டு. ஷிப்டை ஐந்து முறை தட்டினால் வரும். விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். அதுவும் உதவியது. ஆனாலும் கை இங்குமங்கும் ஓடுவது நிற்கவில்லை. “வேலைய விட்டுடறேன் தம்பி” என்றார் ஒருநாள். என் மனம் கேட்கவில்லை.

அதனால் ஒரு மிதிபலகை செய்தேன். நீங்களும் செய்யலாம். ‘அர்டுயினோ லியோனார்டோ’ என்ற சிறு மின்பலகை வேண்டும். அதிலுள்ள ஏடிமெகா 32யு4 சில்லு, யூஎஸ்பி வழியாகக் கணினியிடம் ‘நான் ஒரு விசைப்பலகை’ என்று சொல்லிக்கொள்ளும். மிதித்தால் இணைந்து, விட்டால் பிரியும் சுவிட்சு மூன்று வேண்டும்: நகலெடுக்க ஒன்று, ஒட்ட ஒன்று, செய்ததை மீட்க ஒன்று. ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு வயர் எண்ணிட்ட முனைக்கு, மற்றொன்று ‘கிரவுண்ட்’ முனைக்கு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றா சொன்னேன்? மூன்று தவறு செய்தேன்.

முதலாவது, மிதிக்காமலே கட்டளை விழுந்தது. “என்னடா, பேய் மிதிக்குதா?” என்றார் அக்கா. சுவிட்சு திறந்திருக்கையில் அந்த முனை பிடிப்பில்லாமல் அலைந்ததே காரணம். நிரலில் ‘இன்புட் புல்லப்’ என்று எழுதியதும், சில்லுக்குள் இருக்கும் மின்தடை அதை 5 வோல்ட்டில் பிடித்து நிறுத்தியது.

இரண்டாவது, ஒரு மிதிக்கு இரண்டு முறை ஒட்டியது. தகடுகள் தொடும்போது சில மில்லிவிநாடி துள்ளும். 20 மில்லிவிநாடி பொறுத்து மறுபடி பார்க்கும்படி நிரலைத் திருத்தினேன்.

மூன்றாவது, கண்ட்ரோலை அழுத்தச் சொன்னவன் விடச் சொல்ல மறந்தேன். அக்கா தட்டிய எழுத்தெல்லாம் கட்டளையாகி, கோப்பே மூடிக்கொண்டது!

இடக்காலும் தளர்ந்திருந்ததால் மூன்று மிதிகளையும் வலக்காலுக்கே வைத்தேன். நெருக்கமாக வைத்தபோது ஒரே மிதியில் இரண்டு அழுந்தின. நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன். தரையில் வழுக்காதிருக்க அடியில் ரப்பர் ஒட்டினேன்.

அக்கா வேலையை விடவில்லை. “கால் பழகிடுச்சுடா” என்கிறார் இப்போது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் ஒரு சொல்: தவறு மூன்றும்தான் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தன. வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் யார் எதற்குச் சிரமப்படுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் படிப்புக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.