கடன் என்ற ஒரு சொல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசுவாசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு ஞானம் கிடையாது. தமிழ் வேதாகமத்தில் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். கடன்.

நான் நங்கநல்லூர்வாசி. ரிட்டையர் ஆனவர்கள் நிறைந்த ஊர், கையில் பி.எஃப்., கிராஜுவிட்டி. 1990-களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் அள்ளிக் கொடுத்த வட்டி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நானும் ஒன்றில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். சபையில் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு. அதை நம்பி ஐந்து குடும்பங்கள் போட்டன. 1997-ல் ஒருநாள் போனால், கதவில் பூட்டு.

அதில் ஒரு விதவைத் தாயாருக்கு 40,000 ரூபாய் போயிற்று. பைபிளும் கையுமாக ஆறுதல் சொல்லப் போனேன். தேவனிடத்தில் அன்பு உள்ளவர்களுக்கு எல்லாம் நன்மையாகவே முடியும் என்று ரோமர் 8-ல் பவுல் எழுதுகிறாரே, அந்த இடத்தைப் பிரித்தேன். அம்மாள் கையமர்த்தினார்.

"அந்த வசனத்தை நான் சொல்லிக்கலாம் சார். நீங்க சொல்லாதீங்க."

வியாக்கியான நூல்கள் பல படித்தவன் நான். இதை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பவுல் அதை அடிபட்டவராக எழுதினார். நான் அடித்தவனாக வாசித்தேன். யோபுவின் நண்பர்கள் பேசியதிலும் முக்கால்வாசி சரியான வேதசாஸ்திரம்தான். கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்.

அப்புறம் கோவிலில் எனக்குப் பின்பெஞ்சுதான். அந்த நாளில்தான் ஃபெப்ரீஷியஸ் ஐயரின் சரித்திரம் கண்ணில் பட்டது. ஜெர்மானியர். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-ல் சென்னைக்கு வந்தவர். வேப்பேரியில் இருந்துகொண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் செய்தார், 1772-ல் அச்சாயிற்று. 1779-ல் அகராதி. 1871-ல் வந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு, இன்றைக்கும் சபைகளில் வாசிப்பது, இவர் போட்ட பாதையில் நடந்ததுதான். இத்தனையும் செய்தவர், நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்து, அது திரும்பாமல், தள்ளாத வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் காலமானார்.

பழவந்தாங்கலில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி வேப்பேரிவரை நடந்தே போனேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கர்த்தருடைய ஜெபம் மத்தேயு 6-ல் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'கடன்' என்று இருக்கும். 1995-ல் வந்த திருவிவிலியத்தில் 'குற்றம்'. மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கடன் என்றுதான் நேர்ப்பொருள். இயேசு பேசிய அரமேயத்திலோ கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். குற்றம் என்று வாசித்தால் மனசுக்குள் வருத்தப்பட்டு எழுந்துவிடலாம். கடன் என்று வாசித்தால் யாருக்கு, எவ்வளவு என்ற கேள்வி வந்து நிற்கிறது. தேவன் கிருபையாக மன்னித்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த அம்மாளின் 40,000-ஐத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் ஏது?

ஐந்து குடும்பத்துக்கும் பென்ஷனிலிருந்து மாதாமாதம் கொடுத்தேன். இரண்டு குடும்பங்கள் வாங்க மறுத்தன. ஒரு குடும்பம் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அம்மாளுக்குக் கடைசித் தவணை 2006-ல். நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார், டைரியில் குறித்துக்கொண்டார்.

"காபி போடட்டுமா சார்?" என்றார். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.