ஆளில்லாத யுத்தமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "ஆளில்லாத யுத்தம்" என்பதாகும். டிரோன் என்றும், ஆளில்லா விமானம் என்றும் சொல்லப்படுகின்ற கருவியைப் பற்றி டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை பேசாதவர்கள் இல்லை. பேசுகின்றவர்களில் பெரும்பாலோர், "இனிமேல் யுத்தத்தில் மனிதன் சாக வேண்டியதில்லை, எந்திரமும் எந்திரமும் மோதிக்கொள்ளும், கெட்டிக்காரன் ஜெயித்துக்கொள்ளுவான்" என்பதாகச் சொல்லுகின்றார்கள். படித்தவர்களும் இப்படியே சொல்லுகின்றார்கள். தோழர்களே! இது ஒரு புது மூடநம்பிக்கை என்பதே நமது அபிப்பிராயம். பழைய மூடநம்பிக்கைக்குக் கோவிலும் தேரும் வேண்டியிருந்தன. இதற்கோ ஒரு பெயரே போதுமானதாக இருக்கின்றது. ஆகவே அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, ஆளில்லாத விமானத்திற்குப் பின்னால் உண்மையில் எத்தனை ஆள் இருக்கின்றான் என்று எண்ணிப் பார்ப்போம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் அத்தாட்சி உக்ரேன் யுத்தமாகும். ருஷியா 2014-ல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரேன் தேசத்தின் மேலேயே பெரும் படையெடுப்பை ஆரம்பித்தது. ஒரு வாரத்திற்குள், மார்ச்சு 2-ந் தேதி, ருஷியா தன் படையைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டுமென்று அய்க்கிய நாடுகளின் பொதுச்சபையில் 141 நாடுகள் ஓட்டுக் கொடுத்தன. யார் வீட்டில் யார் புகுந்தார்கள் என்பதில் தகராறு ஒன்றும் இல்லை. வீட்டில் புகுந்தவனை எதிர்த்து நிற்பவனைக் குற்றம் சொல்ல நாம் இங்கு வரவில்லை. அந்த யுத்தம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லவே வந்திருக்கின்றோம்.

ஆரம்பத்தில் துருக்கி தேசத்தில் செய்த பெரிய டிரோன்கள் பேர் வாங்கின. கொஞ்ச காலத்தில் அவைகளைச் சுட்டுவீழ்த்த வழி கண்டுவிட்டார்கள். பிறகு முன்னுக்கு வந்தது, பந்தய விளையாட்டுக்காக உண்டான ஒரு சின்னஞ்சிறு டிரோன் ஆகும். நான்கு விசிறி, ஒரு பாட்டரி, ஒரு காமிரா, அடியில் கட்டிய ஒரு வெடிகுண்டு. இவ்வளவுதான் அதன் அங்கம். ஓட்டுகின்றவன் சில மைலுக்கு அப்பால் ஒரு நிலவறையில் இருந்துகொண்டு, கண்ணை மறைக்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, டிரோன் பார்ப்பதையெல்லாம் தானும் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். இதன் விலை சுமார் 500 டாலர், அதாவது நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். ஒரு கறவை மாட்டின் விலைதான். இந்த மாட்டு விலைக் கருவி, பல கோடி ரூபாய் பெறுமான டாங்கியைக் கொளுத்திவிடுகின்றது. அமெரிக்கா உக்ரேனுக்குக் கொடுத்த 31 ஆப்ராம்ஸ் டாங்கிகளில் மிச்சமிருந்தவைகளை, டிரோனுக்கு அஞ்சி 2024 ஏப்ரலில் முன்னணியிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டியதாயிற்று. ருஷியர்களோ தங்கள் டாங்கியின் மேல் தகரக்கொட்டகை போட்டு மூடிக்கொண்டார்கள். அதற்கு ஆமை டாங்கி என்றே பேர் வந்துவிட்டது.

டிரோனை ஓட்டுவது ரேடியோ அலை. அந்த அலையைக் குழப்பிவிட்டால் டிரோன் குருடாகி விழுந்துவிடும். ஆகவே இரு பக்கத்தாரும் அலையைக் குழப்பும் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். உடனே அதற்கும் மாற்றுக் கண்டார்கள். பட்டத்திற்கு நூல் விடுவதுபோல், பத்து இருபது கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே பறக்கும் டிரோன் 2024 முதல் வந்தது. இழை வழியாகப் போகும் உத்தரவை எந்த அலையாலும் குழப்ப முடியாது. போர் நடந்த வயல்களில் சிலந்திக்கூடு கட்டியதுபோல் அந்த இழைகள் படிந்து கிடந்தன. அதற்குமேல் செய்வதற்கு வேறு வழி இல்லாமல், ரோட்டின் இருமருங்கிலும் கம்பம் நட்டு வலையைக் கட்டினார்கள். பிரான்சு தேசத்துச் செம்படவர்கள் தாங்கள் கழித்துப்போட்ட மீன்வலைகளை 2025-ல் உக்ரேனுக்கு அனுப்பிக்கொடுத்தார்கள். விஞ்ஞானத்தின் உச்சியில் நடந்த யுத்தத்திலே மனிதன் மீன்வலைக்குள் ஒளிந்து போக வேண்டியதாயிற்று என்பதைக் கவனியுங்கள்.

இனி ஆளை எண்ணுவோம்.

முதல் ஆள், டிரோனை ஓட்டுகின்றவன். பழைய காலத்துப் பீரங்கிக்காரனுக்குத் தன் குண்டு யார் மேல் விழுந்தது என்பது தெரியாது. இவனுக்கோ எதிரியின் முகம் தெரியும். அவன் ஓடுவது தெரியும். கையெடுத்துக் கும்பிடுவதுகூடத் தெரியும். கடைசி நொடி வரையில் பார்த்துக்கொண்டேதான் கொல்ல வேண்டும். உக்ரேன் சர்க்கார் ஒரு ஏற்பாடு செய்தது. எதிரியை அடித்ததற்குப் படம் காட்டி ருஜுப்படுத்தினால் அந்தப் படைப்பிரிவுக்குப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைக் கொடுத்துப் புது டிரோன் வாங்கிக்கொள்ளலாம். எதிர்த்து நிற்பவன் நியாயமுள்ளவனாகவே இருக்கட்டும். அவனையுங்கூட இந்த யுத்தம் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றது என்று பாருங்கள். இத்தனை நேராகப் பார்த்துக் கொல்லுகின்ற கருவிக்கு "ஆளில்லாத" என்று பேர் வைத்தவன் பலே கெட்டிக்காரன்தான்!

இரண்டாவது ஆள், கீழே பதுங்கு குழியில் கிடக்கின்றவன். எந்திரம் வந்துவிட்டதால் இவனை வீட்டிற்கு அனுப்பிவிட்டார்களா? இல்லை. நிலத்தைப் பிடிப்பதற்கும் பிடித்த நிலத்தைக் காப்பதற்கும் இவன்தான் வேண்டும். முன்பெல்லாம் லாரியில் ஏறிப் போன வழியை இப்பொழுது இரவிலும் மூடுபனியிலும் இரண்டு மூன்று பேராக, முதுகில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்து நடந்தே போனார்கள். ஏனெனில், முன்னணியிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரையில் அசைவதையெல்லாம் டிரோன் தேடிக்கொண்டே இருந்தது. காயம்பட்டவனைத் தூக்க ஆள் வந்தால், தூக்க வந்தவனையும் அடிக்கும். இரத்தம் நிற்பதற்காக இறுக்கிக் கட்டிய பட்டையோடு மணிக்கணக்காகக் கிடந்து, பிழைக்கக்கூடிய காலையும் கையையும் வெட்டியெடுக்க நேர்ந்தவர்கள் ஏராளம். இரு பக்கத்திலும் செத்தவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பத்தில் ஏழு பங்குக்கு டிரோன்களே காரணம் என்று உக்ரேன் அதிகாரிகள் 2025-ல் கணக்குச் சொன்னார்கள். ஆள் சாகாத யுத்தத்தின் லட்சணம் இதுதான்!

மூன்றாவது ஆள், யுத்தத்தில் எந்தச் சம்பந்தமுமில்லாத குடிமகன். உக்ரேனில் கெர்சோன் என்ற ஒரு பட்டணம் இருக்கின்றது. நடுவில் நீப்பர் ஆறு. அக்கரையில் ருஷியப் படை. அங்கே நடந்து போனவர்களையும், சைக்கிளில் போனவர்களையும், பஸ்ஸையும், ஆஸ்பத்திரி வண்டியையும் சிறு டிரோன்கள் துரத்தித் துரத்தி அடித்தன. அந்தப் படங்களை வெளியிட்டு வேடிக்கை காட்டினார்கள். இதை விசாரித்த அய்க்கிய நாடுகளின் விசாரணைக் கமிஷன், இவை யுத்தக் குற்றங்கள் மாத்திரமல்ல, மனித சமூகத்திற்கே விரோதமான குற்றங்கள் என்று 2025 மே மாதத்தில் முடிவு கூறிற்று. "தெரியாமல் பட்டுவிட்டது" என்ற பழைய சமாதானம் இங்கே செல்லாது. பார்த்துக்கொண்டே அடித்தவன் தெரியாமல் அடித்தேன் என்று எப்படிச் சொல்லுவான்? 2022 பிப்ரவரி முதல் 2025 முடிய இந்த யுத்தத்தில் உக்ரேனில் செத்த குடிமக்கள், அய்க்கிய நாடுகள் சபை பேர் பேராகச் சரிபார்த்த கணக்குப்படியே, 14,000-க்கு மேற்பட்டவர்கள்.

நான்காவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஆள் ஆணல்ல, பெண். ஈரான் தேசத்து ஷாஹெத் என்ற பெரிய டிரோனை ருஷியா தன் நாட்டிலேயே, தாத்தர்ஸ்தான் மாகாணத்தில் அலபுகா என்ற இடத்தில் செய்ய ஆரம்பித்தது. அங்கே வேலை செய்ய ஆள் போதவில்லை. ஆகவே உகாண்டா, கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், நமக்குப் பக்கத்திலுள்ள இலங்கையிலிருந்தும், 18 முதல் 22 வயதுள்ள பெண்களைப் படிப்பு, ஓட்டல் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி வரவழைத்ததாக 2024-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஸ்தாபனம் வெளிப்படுத்திற்று. போன பிறகுதான் செய்யப்போவது கொலைக்கருவி என்று பலருக்குத் தெரிந்தது. தோலை அரிக்கும் திராவகங்களில் வேலை. சொன்ன சம்பளமும் கைக்கு வரவில்லை. அதே 2024 ஏப்ரலில் உக்ரேன் டிரோன்கள் அந்த வட்டாரத்தைத் தாக்கியபோது, அங்கிருந்த தொழிலாளர் விடுதி அடிபட்டது. டிரோன் செய்யப்போன ஏழைப் பெண்ணின் தலையிலேயே டிரோன் விழுந்தது.

பெண்கள் கதை இதுவானால், ஆண்கள் கதையும் வேறல்ல. ருஷியாவில் ஜெயிலில் கிடந்தவர்களையும், தூரத்து ஏழை மாகாணத்தார்களையும் பணத்தாசை காட்டிச் சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் எடுபிடி வேலை, காவல் வேலை என்று தரகர்கள் ஏமாற்றி அனுப்பியவர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டுச் செத்தார்கள். இந்தத் தரகர் கூட்டத்தின் மேல் 2024 மார்ச்சில் இந்தியாவில் சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. ஆகவே, உக்ரேன் யுத்தம் நமக்கு எட்டாத யுத்தம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வேலையில்லாத வீடு எங்கே இருக்கின்றதோ அங்கெல்லாம் அந்த யுத்தத்திற்கு ஆள்பிடி நடந்திருக்கின்றது.

அய்ந்தாவது ஆள் ஒருவன் இருக்கின்றான். யுத்தம் வேண்டும் என்று உத்தரவு போட்டவன். மேலே எண்ணிய நான்கு பேருக்கும் டிரோன் எட்டும். இவனுக்கு மாத்திரம் எட்டாது. இவனைக் காப்பதற்கு இன்னொருவர் துணை இருக்கின்றார். அவர்தான் மதகுரு. 2022 செப்டம்பர் 21-ந் தேதி ருஷிய சர்க்கார் மூன்று லட்சம் பேரைப் படைக்கு இழுக்க உத்தரவு பிறப்பித்தது. நான்கே நாளில், 25-ந் தேதி, அந்த நாட்டு மதத்தலைவரான கிரில் என்பவர், யுத்தக் கடமையில் உயிரை விடுகின்றவனுடைய பாவமெல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று பிரசங்கம் செய்தார். உக்ரேன் பக்கத்திலும் பாதிரிகள் படைக்கு ஆசீர்வாதம் செய்தார்கள். இருவர் கும்பிடுவதும் ஒரே ஏசுவை. இருவர் ஓதுவதும் ஒரே வேதம். ஆனால் இரு பக்கத்துச் சிப்பாயும் ஜெபத்தை முடித்துவிட்டு, தலைக்கு மேலே வலையைத்தான் கட்டினான். வலை வேலை செய்யும், ஜெபம் வேலை செய்யாது என்பது குழியில் கிடக்கின்றவனுக்குத் தெரிந்திருந்தது. மேடையில் நிற்கின்றவர்தான் தெரியாததுபோல் நடித்தார்.

"அப்படியானால் எந்திரமே கூடாது என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். ஒருக்காலும் இல்லை. ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்தில் 2016 முதல், ரோடு சரியில்லாத மலைக்கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு டிரோன்தான் இரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. நம் வயல்களிலும் மருந்து தெளிக்கின்றது. அறிவு குற்றம் செய்யவில்லை. குற்றம் மனிதன் செய்தது. ஆகவே மனிதனைத்தான் கேட்க வேண்டும். இதை மறைப்பதற்காகத்தான் ஒரு காலத்தில் "விதி" என்றார்கள். பிறகு "ஆண்டவன் சித்தம்" என்றார்கள். இப்பொழுது "எந்திரம் செய்தது" என்கின்றார்கள். மூன்றும் ஒரே தந்திரம். செய்தவன் பெயர் வெளியே வராமல் இருப்பதற்குச் செய்யும் தந்திரம்.

இனி வரப்போவது இதைவிட ஆபத்தானது. ரேடியோ குழம்பிப் போனாலும், கடைசிச் சில நூறு கஜ தூரத்தைத் தானே குறிபார்த்துப் போய் அடிக்கும் டிரோன்கள் இந்த யுத்தத்திலேயே வந்துவிட்டன. யாரைக் கொல்லுவது என்பதை எந்திரமே தீர்மானிக்கும் காலம் வந்தால், கெர்சோன் கொலைக்கு இன்று இருக்கின்ற விசாரணைகூட நாளைக்கு இராது. அப்படிப்பட்ட ஆயுதங்களைப் பற்றி அவசரமாகக் கவனிக்க வேண்டுமென்று 2023 டிசம்பரில் அய்க்கிய நாடுகளின் பொதுச்சபையில் 152 நாடுகள் சேர்ந்து தீர்மானம் நிறைவேற்றின. எதிர்த்து ஓட்டுப்போட்ட சில நாடுகளில் ருஷியா ஒன்று. நமது இந்திய சர்க்கார் மற்றொன்று. இது எத்தனை பேருக்குத் தெரியும்? நம்முடைய பேரால் போட்ட ஓட்டு அல்லவா அது? 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையிட்ட அந்த நான்கு நாளில் இரு பக்கமும் டிரோன்கள் பறந்தன. எல்லையிலிருக்கின்ற ஏழைக் குடியானவன் வானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதாயிற்று. டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் உத்தரவு போட்டவர்கள் யாரும் அப்படிப் பயப்படவில்லை.

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். "ஆளில்லாத விமானம் இத்தனை பேரைக் கொன்றது" என்று பத்திரிகையில் படித்தால், படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஓட்டினவன் யார், உத்தரவு கொடுத்தவன் யார், செய்துகொடுத்தவர் யார், அதனால் லாபம் அடைந்தவன் யார் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகின்றவரை, "மனிதன் உத்தரவில்லாமல் மனிதனைக் கொல்லும் ஆயுதத்திற்கு உங்கள் கட்சி சம்மதமா?" என்று நேராகக் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்று தரகன் வந்தால், எந்த நாடு, எந்த வேலை, யார் கையெழுத்து என்று பத்துப் பேர் கூடி விசாரித்த பிறகு பிள்ளைகளை அனுப்புங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. விசாரித்துப் பார்த்து, சரி என்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.