ஃப்ரெட் ஒயர் வாங்குறதுக்கு முன்னாடி காடியை அளந்துடுங்க

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தியிருக்கிறோம்.)

வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வாட்ஸ்அப்ல வந்துடும். "அண்ணே, ஃப்ரெட் தேஞ்சுபோச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போட்டுடலாமா?" கூடவே ஒரு ஆன்லைன் லிங்க் இருக்கும். என்ன கிட்டார், நெக் எப்படி இருக்கு, யார் வாசிக்கிறாங்க, ஒண்ணுமே இருக்காது. ஒயர் மட்டும் முடிவாயிருக்கும். கோபப்பட முடியாது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கலாம். நம்ம பக்கம் கடைக்கு வந்து "கம்பி மாத்தணும்"னு சொன்னா, அது ஸ்ட்ரிங்கா ஃப்ரெட்டான்னு கேட்டே ஆகணும். வீணைக்காரங்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அவங்களுக்கு அது மெட்டு, இது தந்தி. நமக்கு அப்படி ஒரு நல்ல சொல் அமையலை. அதனால இன்னைக்கு ஃப்ரெட்னே சொல்றேன். ஃப்ரெட் போடுறதுக்காக ஃபிங்கர்போர்டுல அறுத்திருக்கிற பள்ளத்தைக் காடின்னு சொல்றேன். தச்சு வேலையில அதுதானே பேரு.

ஃப்ரெட் ஒயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா காளான் மாதிரி இருக்கும். மேல வளைஞ்ச தலை, கீழ மரத்துக்குள்ள இறங்குற தண்டு. அந்தத் தண்டுக்கு டேங்னு பேரு. அதோட ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன முள் இருக்கும், மரத்தைக் கவ்விப் பிடிக்க. வாங்குறவங்க எல்லாரும் பார்க்கிறது தலையை. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், என்ன உலோகம், தங்க நிறமா வெள்ளி நிறமா. ஆனா நெக்கைக் காப்பாத்துறதும் கெடுக்குறதும் டேங்தான். இதை நான் ஒரு கிட்டாரைக் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன்.

நாகர்கோவில்ல கடை போட்ட புதுசு. எனக்கு முப்பது வயசுகூட ஆகலை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிட்டாரோட வந்தார். கொல்கத்தாவுல செஞ்ச பழைய ஸ்பானிஷ் கிட்டார். அவர் அப்பா சர்ச் பாட்டுக் குழுவுல அதைத்தான் கடைசி வரைக்கும் வாசிச்சிருக்கார். அந்த வருஷம் நடுவுல அப்பா இறந்துட்டார். "இந்தக் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு நான் இதை வாசிக்கணும் தம்பி, சரிபண்ணிக் கொடுங்க" அப்படின்னார்.

கிட்டாரைப் பார்த்தாலே அந்த மனுஷன் என்ன வாசிச்சார்னு தெரிஞ்சுது. முதல் மூணு ஃப்ரெட்ல, சி, ஜி, டி கார்டுக்கு விரல் விழுற இடத்துல எல்லாம் ஸ்ட்ரிங் அறுத்த பள்ளம். அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல புதுசு மாதிரி இருந்துச்சு. இந்த மாதிரி கேஸ்ல இன்னைக்கு நான் முதல் அஞ்சு ஃப்ரெட்டை மட்டும் எடுத்துட்டு, அதே அளவுல வேற போட்டு விட்டுடுவேன். செலவும் குறைவு, நெக்கும் தப்பிக்கும். அன்னைக்கு அது தோணலை. ஏன்னா அப்போதான் முதல் தடவையா நல்ல வெளிநாட்டு ஒயர் வாங்கி வச்சிருந்தேன். அதை எதுலயாவது போட்டே ஆகணும்னு கை அரிச்சுக்கிட்டிருந்துச்சு.

பழைய ஃப்ரெட்டைக் குறடு போட்டுப் புடுங்கினேன். சூடு காட்டாமப் புடுங்கினேன், அது முதல் தப்பு. டேங்ல இருக்கிற முள் வெளிய வரும்போது ஈட்டி மரத்தைச் சில்லு சில்லாப் பேத்துட்டு வந்துச்சு. சாலிடரிங் அயர்னை ஃப்ரெட் தலை மேல கொஞ்ச நேரம் வச்சு, அது சூடானதும் மெதுவாக் கிளப்பியிருந்தா அவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

ரெண்டாவது தப்புதான் பெரிசு. பழைய காடியோட அகலம் ஏறக்குறைய 0.5 மி.மீ. என் ஒயரோட டேங் 0.6. இதை அப்போ நான் அளக்கவே இல்லை, பின்னாடி அளந்தது. சுத்தியலால அடிச்சா இறங்குச்சு. இறுக்கமா இறங்குறதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன், நல்லாப் பிடிச்சிருக்குன்னு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு காடிக்கு 0.1 மி.மீ. அதிகம். 18 ஃப்ரெட். மொத்தம் 1.8 மி.மீ. ஒரு பலகையில ஒரே பக்கத்துல 18 வெட்டு போட்டு, ஒவ்வொண்ணுலயும் ஆப்பு அடிச்சா பலகை எந்தப் பக்கம் வளையும்? ஆப்பு அடிச்ச பக்கம் விரியும், பின்பக்கமா வளையும். மரம் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும்தான், ஆனா மிச்ச அழுத்தம் நெக் மேலதான் போகும். நெக் பின்னாடி வளைஞ்சா நடுவுல இருக்கிற ஃப்ரெட் எல்லாம் மேடாயிடும், கீழ்க் கார்டுகள்ல ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல பட்டு இரையும். இப்போ வர்ற கிட்டார்ல உள்ளே ட்ரஸ் ராட் இருக்கும். அதுலயும் எல்லா ராடும் பின்வளைவை நிமிர்த்தாது, ரெண்டு பக்கமும் வேலை செய்யுற ராடா இருக்கணும். இந்தக் கிட்டார்ல ராடே கிடையாது.

ஸ்ட்ரிங் கட்டினதுக்கப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. கிறிஸ்மஸுக்கு நாலு நாள். என்ன செஞ்சேன்னா, அரத்தை எடுத்து மேடா நின்ன ஃப்ரெட்டை எல்லாம் ராவினேன். அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் புது ஒயரைத் தகடு மாதிரி ஆக்கினேன். அப்பவும் முதல் ரெண்டு ஃப்ரெட்ல இரைச்சல் முழுசாப் போகலை. சார் வந்தார், ரெண்டு கார்டு வாசிச்சார், "நல்லாருக்கு தம்பி"ன்னு காசைக் கொடுத்துட்டுப் போயிட்டார். அவர் மென்மையாத்தான் வாசிச்சார். நானும் வாயைத் திறக்கலை.

கேரல் ரவுண்ட் எங்க தெருவுக்கும் வந்துச்சு. ராத்திரி பதினோரு மணி இருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அவர் கிட்டாரைப் பார்த்தேன். நட்டுக்கடியில ஸ்ட்ரிங்குக்குக் கீழ வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது. கிட்டப் போய்ப் பார்த்தா, பேப்பரை மடிச்சுச் சொருகி ஸ்ட்ரிங்கை உயர்த்தி வச்சிருக்கார். இரைச்சல் நிக்கணுமே. அப்போ முதல் ஃப்ரெட்ல அழுத்தவே கை வலிக்கும். அதோடதான் அத்தனை வீட்டுக்கும் வாசிச்சுட்டு வந்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

ஜனவரியில நானே வீட்டுக்குப் போய் கிட்டாரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதைப் பிறகு சொல்றேன். நடுவுல உலோகம், அளவு ரெண்டையும் முடிச்சுடுறேன், நீங்க அதுக்காகத்தானே வந்திருக்கீங்க.

பெரும்பாலான கிட்டார்ல இருக்கிறது நிக்கல் சில்வர். பேர்தான் சில்வர், வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. நல்ல ஒயர்ல நிக்கல் 18 சதவீதம் இருக்கும். ரொம்ப மலிவான கிட்டார்கள்ல பித்தளை போட்டிருப்பாங்க, கடல்காத்து பட்டா பச்சை பூத்து நிக்கும். அடுத்தது ஈவோன்னு சொல்ற தங்க நிற ஒயர். செம்போட தகரம், இரும்பு, டைட்டானியம் கொஞ்சம் சேர்த்தது. மூக்குக்கண்ணாடி ஃப்ரேமுக்காக வந்த உலோகம். நிக்கல் இல்லாததால தோல் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு இதுதான் வழி. அப்புறம் ஸ்டெயின்லெஸ். கடினத்தை விக்கர்ஸ் அளவுல சொன்னா ஏறக்குறைய 200, 250, 300ன்னு ஏறிக்கிட்டே போகும்.

ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் தேயாது, உண்மை. ஸ்ட்ரிங்கை இழுத்து பெண்ட் பண்ணும்போது வழுக்கிக்கிட்டுப் போகும், அதுவும் உண்மை. "சவுண்ட் கூசுது"ன்னு சொல்றாங்க. என் காதுக்கு, பழைய ஸ்ட்ரிங்குக்கும் புது ஸ்ட்ரிங்குக்கும் இருக்கிற வித்தியாசத்துல பாதிகூட இதுல இல்லை. ஆனா அது முரட்டு உலோகம். வளைச்சா திரும்பி நிமிரப் பார்க்கும், ஓரம் கிளம்பும். குறடு முனை போகும், அரம் போகும், வேலை நேரம் கூடும். நல்ல கருங்காலி ஃபிங்கர்போர்டு, ராடு சரியா இருக்கிற நெக், தினமும் மூணு மணி நேரம் வாசிக்கிற ஆள், இந்த மூணும் இருந்தா தாராளமாப் போடுங்க. நொறுங்கிப்போன பழைய மரத்துல அதை அடிக்காதீங்க. நைலான் ஸ்ட்ரிங் கிளாசிக்கல் கிட்டாருக்கும் தேவையில்லை, நைலான் எத்தனை வருஷத்துல எஃகை அறுக்கப்போகுது?

அளவு. ஒயர் கம்பெனிகள் ஆளுக்கு ஒரு நம்பர் வச்சிருக்காங்க. ஜெஸ்கர் நம்பர் படிக்கிறது சுலபம். 43080ன்னா உயரம் 0.043 இன்ச், அகலம் 0.080 இன்ச். பழைய ஃபெண்டர் மாதிரி சின்ன ஃப்ரெட். 55090ன்னா உயரம், அகலம் கம்மி. டன்லப்ல 6105ன்னு கேட்டா இதே அளவுதான் வரும். 6100ன்னா உயரம் அதே, அகலம் 0.110, அதுதான் ஜம்போ. 

உயரமா இருந்தா விரல் மரத்துல படாது, ஸ்ட்ரிங்கை இழுக்க வாட்டமா இருக்கும். கிட்டார்ல கமகம் வாசிக்கிறவங்க உயரத்தைக் கேக்குறது அதனாலதான். ஆனா அழுத்தி வாசிக்கிற கைக்கு உயர ஃப்ரெட் எதிரி. அழுத்த அழுத்த ஸ்ட்ரிங் கீழ இறங்கி சுருதி மேல போயிடும். சர்ச்சுல, மேடையில காட்டுத்தனமா கார்டு அடிக்கிறவங்களுக்கு நான் நடுத்தர உயரம்தான் போடுவேன், அவங்க என்ன கேட்டாலும்.

வீணைக்காரங்க இந்த விஷயத்துல பாக்கியசாலிகள். அவங்க இழுக்குற இழுப்புக்கு 24 மெட்டும் தேயும்தான். ஆனா அது மெழுகுல உட்கார்ந்திருக்கு. மெழுகை இளக்கி, மெட்டை எடுத்துச் சரிபண்ணி, சுருதி பார்த்து மறுபடி உட்கார வைக்கலாம், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் போகும்.

சரி, சாரோட கிட்டார். எல்லா ஃப்ரெட்டையும் சூடு காட்டி எடுத்தேன். ரெண்டு நாள் சும்மா வச்சேன், நெக் பெரும்பாலும் தானா நிமிர்ந்துடுச்சு. காடி எல்லாம் பிஞ்சு கிடந்துச்சு. அதுல ஈட்டி மரச் சீவலை ஒட்டி அடைச்சு, காய்ஞ்சதும் மறுபடி அறுத்தேன், இந்தத் தடவை டேங்கை அளந்து வச்சுக்கிட்டு. ஒயரும் அதைவிட மெல்லிசான டேங் உள்ளது. மூணு ஃப்ரெட் அடிச்சதும் ஸ்டீல் ஸ்கேலை நெக் மேல வச்சுப் பார்ப்பேன். பின்னாடி வளையற மாதிரி தெரிஞ்சா அடுத்த ஃப்ரெட்டோட முள்ளை அரத்துல லேசா ராவிட்டு இறக்குவேன்.

அப்போதான் இன்னொண்ணும் புரிஞ்சுது. என்னைக் கவிழ்த்த இதே விஷயத்தைத் தெரிஞ்சு செஞ்சா அது வைத்தியம். மார்ட்டின் கம்பெனி 1985 வரைக்கும் தன் கிட்டார்கள்ல திருகிச் சரிபண்ற ராடு வைக்கலை. அந்தப் பழைய கிட்டார்கள்ல ஸ்ட்ரிங் இழுத்து நெக் முன்னாடி வளைஞ்சா, தேவைப்பட்ட இடத்துல டேங் தடிச்ச ஃப்ரெட்டாப் பார்த்து அடிச்சுத்தான் நிமிர்த்துவாங்க. அதே ஆப்புதான். எந்தக் காடியில எவ்வளவுன்னு அளந்து அடிக்கிறாங்க, அவ்வளவுதான். சாரோட நெக்கும் ஸ்ட்ரிங் கட்டினா கொஞ்சம் முன்னாடி வரும்னு கணக்கு வச்சு, நடுவுல நாலு ஃப்ரெட்டை மட்டும் ஒரு பொடி இறுக்கமா விட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கலை. அவர் வாசிக்கிறதுக்கு முன்னாடி நட்டைத்தான் பார்த்தார். "பேப்பர் எங்க தம்பி?"ன்னார். எனக்கு எங்க பார்க்கிறதுன்னே தெரியலை. அப்புறம் சி கார்டைப் பிடிச்சு நல்லா இறக்கி அடிச்சார்.

இப்போ நீங்க லிங்க் அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்ப வேண்டியது இதுதான். ஸ்ட்ரிங் கட்டின நிலையில நெக் மேல ஸ்டீல் ஸ்கேல் வச்சு பக்கவாட்டுல ஒரு போட்டோ. ராடு இருக்கா, எந்தப் பக்கம் திருகும். ஃபீலர் கேஜ்ல எந்தத் தகடு காடிக்குள்ள இறங்குது, அதுக்கு ஃபிங்கர்போர்டு ஓரத்துல காடி திறந்திருந்தா பாருங்க, இல்லைன்னா ஒரே ஒரு ஃப்ரெட்டைச் சூடு காட்டி எடுத்துப் பாருங்க. மிச்சமிருக்கிற ஃப்ரெட் உயரம் எவ்வளவு, அரை மி.மீ.க்குப் பக்கத்துல வந்துடுச்சுன்னா மாத்துற நேரம்தான், அதுக்கு மேல இருந்தா ராவி உருட்டிவிட்டாலே ஓடும். ஃபிங்கர்போர்டு தட்டையா வளைவா. வளைவா இருந்தா ஒயரை அதைவிட ஒரு இழை கூடுதலா வளைச்சுக்கணும், அப்போதான் ரெண்டு ஓரமும் கிளம்பாது. அப்புறம் யார் வாசிக்கிறாங்க, எப்படி அடிப்பாங்கன்னு ஒரு நிமிஷ ஆடியோ.

அடுத்த எபிசோட்ல ராவுறது, தலையை உருட்டுறது, ஓரம் கை கிழிக்காம மழுக்குறது, மூணையும் பார்க்கலாம். பழைய கிட்டார் வச்சிருக்கிறவங்க அதுவரைக்கும் குறடைத் தொடாதீங்க.