கடன் வாங்கியவன் குற்றவாளி அல்ல!

விவசாயப் பெருங்குடி மக்களே!

2016 மார்ச்சில் நம்ம அரியலூர் மாவட்டத்தில், தவணை பாக்கிக்காக டிராக்டரைப் பிடுங்கிய அவமானம் தாங்காமல் ஒரு விவசாயி உயிரை விட்டார். இனி பெரம்பலூர், அரியலூரில் ஒரு உயிரும் போகக்கூடாது.

மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றால் நாம என்ன ஊரை விட்டா ஓடப்போறோம்? கடனைக் கட்டுவோம். மானத்தை அடகு வைக்க மாட்டோம்!

வசூல் ஏஜென்ட் வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த கடிதமும் கேளுங்க. காலை 8 மணிக்கு முன்னும், இரவு 7-க்குப் பின்னும் போன் போடக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அடியாள் வைத்து வசூலிப்பதை 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2002 சர்பாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தைக் காட்டி விவசாய நிலத்தில் கை வைக்க முடியாது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போவோம். வாசலில் தனியாக நிற்காதீங்க, சங்கத்தைக் கூப்பிடுங்க!